பனையோலைப் பைக்கு 45 டொலர்: நடுவில சாப்பிடுறது ஆர்?

கேள்வி (ரொறன்ரோவிலிருந்து ஒரு வாசகர், 2025 மே 10)

இஞ்ச ஒரு கோயில் திருவிழாவில பனையோலைக் கைப்பை விக்கிறதைக் கண்டனான். 'அறத்தோடு செய்த பாரம்பரியக் கைவினை, வன்னிப் பெண்களின் உழைப்பு' எண்டு ஒரு மட்டை தொங்குது. விலை 45 கனடா டொலர். போன வருசம் ஊருக்கு வந்தபோது இதே மாதிரிப் பையைக் கிளிநொச்சியில 900 ரூபாய்க்கு வாங்கினனான். 45 டொலர் எண்டால் 9,500 ரூபாய்க்கு மேல. நடுவில ஆர் சாப்பிடுகினம்? இப்பிடிச் சுத்தி வளைச்சு ஆதரிக்கிறதை விட நேரா அந்தப் பெண்களுக்குக் காசை அனுப்பி விடலாமே?

2025 மே 11

நடுவில சாப்பிடுற ஆக்களில நானும் ஒராள். முதல்லயே சொல்லி வைக்கிறன், பிறகு ஆரும் கண்டுபிடிச்சதாச் சொல்ல வேண்டாம். பூநகரியில இருக்கிற என்ர பெரியம்மாவும் அயலுக்க இன்னும் நாலு பேரும் இழைக்கிற பை, பெட்டி, தடுக்கு எல்லாத்தையும் ஆறு வருசமாக் கிளிநொச்சிக்குக் கொண்டு வந்து விக்கிறது நான்தான். 900 ரூபாய்ப் பையில 750 அவைக்கு, 150 எனக்கு. பஸ் காசு அந்த 150க்குள்ள.

பெரியம்மா கை வேகம். ஒரு நாளைக்கு ரெண்டு பை இழைப்பா. 1,500 ரூபாய். கச்சான் பிடுங்கப் போனாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனபடியால் 900 ஒண்டும் அநியாய விலை இல்லை. 45 டொலரைப் பற்றி ஆறுதலா எழுதுறன்.

2025 மே 12

நேற்று எழுதினது பிழை.

பெரியம்மாவின்ர பேத்தி அதைக் கைபேசியில வாசிச்சுக் காட்டியிருக்கிறாள். காலமை ஆறு மணிக்கே அழைப்பு வந்திட்டுது. "ஒரு நாளைக்கு ரெண்டு பை எண்டு உனக்கு ஆர் சொன்னது? ஓலை மரத்தால தானா இறங்கி வந்து, தானாக் கிழிஞ்சு, சாயத்தையும் பூசிக்கொண்டு என்ர மடியில வந்து இருந்ததே?"

நான் பெரியம்மா வீட்டுக்குப் போற நேரமெல்லாம் அவ இழைச்சுக்கொண்டுதான் இருப்பா. அதைத்தான் நான் வேலை எண்டு நினைச்சிருக்கிறன். அதுக்கு முதல் நடக்கிறதை ஆறு வருசமாப் பாத்தும் கணக்கில எடுக்கேல்லை.

முதல்ல மரம் ஏறுற ஆளைப் பிடிக்க வேணும். கள்ளுச் சீவுற காலத்தில அவருக்கு எங்கட குருத்துக்கு நேரமில்லை, மாரியில மரம் வழுக்கும். ஓலை வந்தால் விரிச்சு ரெண்டு மூண்டு நாள் வெயிலில போட வேணும். வெயில் கூடினால் முறியும், குறைஞ்சால் கறுக்கும், மழை வந்தால் ஓடிப்போய் அள்ள வேணும். பிறகு ஈர்க்கை நீக்கிச் சத்தகம் எண்ட சின்னக் கத்தியால ஒடுக்கமான வாரா வார வேணும். எல்லா வாரும் ஒரே அகலத்தில வாறதுதான் இதில முழு வித்தையும். ஒரு வார் ஒரு நூல் அகலம் கூடினாலும் பை முடியேக்க வாய் கோணும். எனக்கு அது இண்டைக்கும் வராது. நான் வார்ந்த ஓலையைப் பெரியம்மா அடுப்பு மூட்ட வைச்சிருக்கிறா.

அதுக்குப் பிறகு சாயம் அவிக்க வேணும். காய விட வேணும். இழைக்க முதல் ஈரத் துணியில சுத்தி வைக்க வேணும். விடியப்புறம் பனிக்குள்ள இழைச்சால் ஓலை சொல்வழி கேக்கும், மத்தியானத்தில அதுவும் எங்களை மாதிரித்தான், முறைக்கும். இழைச்சு முடிய விளிம்பு கட்டி, கைபிடி போட்டு, உள்ளுக்குத் துணி தைச்சு, சிப் வைச்சு, பிசிறு நறுக்க வேணும்.

2025 மே 13

கொப்பியும் பேனையும் கொண்டு பூநகரிக்குப் போனனான். ஐந்து பைக்கான வேலையை மொத்தமாக் கணக்குப் பாத்து ஐந்தால பிரிச்சம். வெயிலில காயுற நேரத்தைச் சேர்க்கேல்லை, ஓலை புரட்டுற நேரத்தைச் சேர்த்தம். ஒரு பைக்குப் பதினொரு மணித்தியாலம்.

750 ரூபாயில ஓலைக்கும் மரம் ஏறினவருக்கும் 120, சாயமும் விறகும் 40, உள்துணி, சிப், கைபிடி 140. மிச்சம் 450. பதினொண்டால பிரிச்சால் மணித்தியாலத்துக்கு 41 ரூபாய்.

கச்சான் பிடுங்கினால் எங்கட பக்கம் நாட்கூலி 1,800, பின்னேரம் பிளேன்ரீ வேற. எட்டு மணித்தியாலம் எண்டால் 225. 2025 ஏப்ரலில நாட்டின்ர குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 27,000 ரூபாய் ஆக்கினவை. மாதம் 26 நாள், நாளுக்கு எட்டு மணித்தியாலம் எண்டு பிரிச்சால் 130 அளவில வரும்.

ஆறு வருசம் 41 ரூபாய்க்கு வேலை வாங்கிக்கொண்டு, முந்தநாள் "அநியாய விலை இல்லை" எண்டு எழுதியிருக்கிறன். அந்தக் குறிப்பை அழிக்காமல் விடுறன். கிடக்கட்டும்.

2025 மே 13, இரவு

ஒண்டை எழுத மறந்திட்டன். கணக்கைப் பெரியம்மாவுக்குக் காட்டினபோது அவவுக்கு ஒரு கோபமும் வரேல்லை. "மணித்தியாலம் பாத்து ஆர் இழைக்கிறது? பேத்தியைப் பாக்கிறன், கோழியைப் பாக்கிறன், நாடகம் பாக்கிறன், கை தன்ரபாட்டில ஓடுது" எண்டா.

அது அவவின்ர நியாயம். கச்சான் தோட்டத்தில முழங்கால் நோவோட குனிஞ்சு நிக்க அவவுக்கு ஏலாது. வீட்டுத் திண்ணையில இருந்து செய்யிற வேலைக்கு ஒரு விலை இருக்குத்தான். ஆனா அதே கதையைத்தான் விலை குறைக்கிற எல்லாரும் சொல்லுறவை. "சும்மா இருக்கிற நேரத்தில செய்யிறதுதானே அம்மா." நானும் சொல்லியிருக்கிறன். பெரியம்மா சொன்னால் ஒரு நியாயம், நான் சொன்னால் வேற. இதில எனக்கு இன்னும் தெளிவில்லை.

2025 மே 18

இண்டைக்கு முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி. எழுதேல்லை.

2025 மே 24

ஒருவர் கேட்டிருக்கிறார்: பெண்களுக்கு ஆடைத் தொழிற்சாலை வேலை கிடைக்குதுதானே, அங்க ஈபிஎஃப், ஈரிஎஃப் எண்டு ஊழியருக்குச் சேருற நிதியெல்லாம் இருக்கு, பிறகு ஏன் இந்த ஓலையைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?

நியாயமான கேள்வி. பெரியம்மாவின்ர மகள், என்ர தங்கச்சி முறை, ரெண்டு வருசம் தொழிற்சாலையில கழுத்துப் பட்டி தைச்சவள். முழுச் சட்டை ஒண்டு தைக்க அவளுக்கு இண்டைக்கும் தெரியாது. கழுத்துப் பட்டி மட்டும் நித்திரையிலயும் தைப்பாள். சம்பளம் ஒழுங்கா வந்தது, அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டன். விடிய நாலரைக்கு பஸ், கழிப்பறைக்குப் போற நேரத்துக்கும் ஒரு கணக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால் மேற்பார்வையாளரின்ர முகத்தைப் பாக்க வேணும். விட்டிட்டு வந்திட்டாள்.

2013 ஏப்ரல் 24, டாக்காவுக்குப் பக்கத்தில சாவாரில ராணா பிளாசா கட்டடம் இடிஞ்சு 1,100 பேருக்கு மேல செத்தவை. முதல் நாள் சுவரில வெடிப்பைக் கண்டும், அடுத்த நாள் தையல்காரரை உள்ளுக்கு அனுப்பினவை. அதுக்குப் பிறகுதான் 'என்ர உடுப்பை ஆர் தைச்சது?' எண்டு கேக்கிற இயக்கம் பெரிசா வந்தது. அந்தக் கேள்வியை ஓலைப் பையிட்டயும் கேக்க வேணும். கையால செய்த சாமான் எண்டதால மட்டும் அது அறத்தோட செய்தது ஆகாது. என்ர 41 ரூபாய் சாட்சி.

2025 ஜூன் 1

'கைத்தறி உடுப்பை வன்னியில செய்யக்கூடாதோ' எண்டு கேட்டவருக்கு:

செய்தவை. என்ர அம்மா 70களில கிளிநொச்சிப் பக்கம் ஒரு நெசவு நிலையத்தில வேலை செய்தவ. அப்ப வெளிநாட்டுத் துணி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. கைத்தறிக்கு நல்ல கேள்வி இருந்தது, ஊர் ஊரா நெசவு நிலையம், கூட்டுறவுச் சங்கம். 1977இல திறந்த பொருளாதாரம் வந்தது, நைலெக்சும் பொலியெஸ்ரரும் வந்து குவிஞ்சுது, ஒவ்வொண்டாப் பூட்டுப் போட்டினம். அம்மா வேலை செய்த நிலையமும் பூட்டினபோது அங்க நிண்ட பழைய தறி ஒண்டைக் குறைஞ்ச காசுக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்தா.

சின்ன வயசில எனக்கு அந்தச் சத்தம்தான் நித்திரைப் பாட்டு. மிதியை மிதிக்கேக்க ஒரு சத்தம், நாடா ஓடேக்க ஒரு சத்தம், அச்சு வந்து அடிக்கேக்க ஒரு சத்தம். பாவு ஓடுற நாளில வீட்டில ஒருத்தரும் குறுக்க நடக்கேலாது. நூல் அறுந்தால் எனக்குத்தான் பேச்சு. சாரமும் துவாயும் நெய்தவ, சேலை நெய்யிற அளவுக்கு அந்தத் தறி அகலமில்லை.

2008 கடைசியில, போரில இடம்பெயரேக்க, தறியைக் கழட்டி ரக்ரரில ஏத்தினம். விசுவமடுவில பதுங்குகுழிக்கு மேல போடப் பனங்குற்றி போதேல்லை. தறியின்ர மரங்களைப் போட்டம். அச்சை மட்டும் அம்மா ஒரு சேலையில சுத்திக்கொண்டு வந்தா. மாத்தளன் வரைக்கும் அது இருந்தது.

இப்பவும் வடக்கில நெசவுப் பயிற்சி நடக்குது, நல்லா நெய்யிற பிள்ளையள் இருக்கினம். ஆனா நூல் இந்தியாவிலயிருந்துதான் வர வேணும், இலங்கையில பருத்தி விளைச்சல் சொல்லும்படியா இல்லை. 2022இல டொலர் 200 ரூபாயிலயிருந்து 360க்கு ஏறினபோது நூல் விலை என்ன பாடு பட்டிருக்கும் எண்டு யோசியுங்கோ. கொழும்பில பார்பரா சன்சோனி 1964இல தொடங்கின பெயர்ஃபுட் எண்ட நிறுவனம் கைத்தறித் துணியை வைச்சுத்தான் பேர் எடுத்தது. அவையின்ர துணியை ஒருத்தரும் பாவம் பாத்து வாங்கினதில்லை. அந்த நிறத்துக்காக வாங்கினவை.

ஆனபடியால், அடி முதல் நுனி வரை எங்கட மண்ணிலயிருந்து வாறது பனையோலைப் பை ஒண்டுதான்.

2025 ஜூன் 2

சிப் சீனா. சாயத்தூளும் இறக்குமதி. உள்துணி எங்கயெண்டு கடைக்காரருக்கே தெரியாது. நேற்று எழுதின கடைசி வரியைத் திருப்பி எடுக்கிறன்.

2025 ஜூன் 11

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போட்டு வந்து உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி. ஒண்டு கவனிச்சன். முந்தி அங்க நேர்த்திக்கு வாற சனம் அரிசியும் தேங்காயும் பனையோலைக் கடகத்திலதான் கொண்டு வாறது. இந்த முறை நான் கண்டதில பத்துக்கு எட்டு பிளாஸ்ரிக் கூடை. கடகத்தோட வந்த ஒரு ஆச்சியிட்ட எங்க வாங்கினது எண்டு கேட்டன். "வாங்கிறதோ? நான் பொத்தினது" எண்டா. கேக்கக் கூடாததைக் கேட்ட மாதிரி ஒரு பார்வை.

அந்தப் பார்வையைப் பற்றி எழுத வேணும். தன்ர வீட்டுக்கு இழைக்கிறது எல்லா வீட்டிலயும் நடந்தது. விக்கிறதுக்கு இழைக்கிறது எண்டால் அது வேற கதை, ஆர் இழைக்கிறது எண்டு சாதி பாத்துச் சொன்ன ஊர் இது. பனையில ஏறுறவரை எங்க இருத்தித் தேத்தண்ணி குடுத்தவை எண்டு அவரவர் வீட்டில கேட்டுப் பாருங்கோ. 'எங்கட பாரம்பரியம்' எண்டு மட்டையில அடிக்கிற நாங்கள், அந்தப் பாரம்பரியத்தைச் சுமந்த ஆக்களை முத்தத்தில நிப்பாட்டினவை. என்ர அம்மம்மா வீட்டில அவருக்குச் சிரட்டை வேறயா இருந்தது. நான் கண்டனான்.

2025 ஜூன் 15

மேல எழுதினதுக்கு ரெண்டு பேர் கோவம். 'இப்ப அதெல்லாம் இல்லை' எண்டு ஒருவர், 'ஏன் கிளறுறாய்' எண்டு மற்றவர். ரெண்டு பேரும் தங்களுக்குள்ள கதைச்சு ஒரு முடிவுக்கு வாங்கோ.

2025 ஜூன் 29

சாயம்.

சாயத்தூள் அவிச்ச தண்ணியைப் பெரியம்மா வேலியோரம் ஊத்துவா. வேலிக்கு அங்கால கிணறு. இதை ஆறு வருசமாப் பாத்துக்கொண்டுதான் நானும் 'இயற்கையான பை' எண்டு சொல்லி வித்தனான். ஒரு முறை சிவப்பு அவிச்ச அடுத்த நாள் அயல்வீட்டு வெள்ளைக் கோழி ரோசா நிறத்தில நிண்டது. அண்டைக்குச் சிரிச்சம்.

அதால இயற்கைச் சாயம் செய்து பாப்பம் எண்டு வெளிக்கிட்டன். மஞ்சள் முதல். நல்ல வடிவா வந்தது. ஒரு கிழமை வெயில் பட, பழைய கடதாசி நிறம். மாதுளம் தோல் பரவாயில்லை, கடுக்காயோட சேர்த்தால் ஒரு மண்ணிறம் நிக்குது. சிவப்புக்கு என்ன செய்யிறது எண்டு தேடேக்கதான் சாயவேர் வந்து மாட்டினது.

சாயவேர் எண்டால் வேற ஒண்டுமில்லை, இம்பூறல். மணல் தரையில பரவிக் கிடக்கும் சின்னச் செடி, வெள்ளைப் பூ. எங்கட ஆக்கள் இருமலுக்கு அவிச்சுக் குடிக்கிறது. அதின்ர வேரைப் படிகாரத்தோட சேர்த்தால் பருத்தியில நல்ல சிவப்புப் பிடிக்கும். ஒல்லாந்தர் 1658இல யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச பிறகு இந்த வேர் அவைக்கு ஒரு வருமானம். 1697இல ஸ்வார்டகுறூன் எண்ட அதிகாரி எழுதி வைச்சிட்டுப் போன குறிப்பிலயே மன்னார்ப் பக்கத்துச் சாயவேர்க் கணக்கு வருது. ஜேர்மனியில 1868இல ஆய்வுகூடத்திலயே அந்தச் சிவப்பைச் செய்யக் கண்டுபிடிச்சினம், அதோட உலகச் சந்தையில சாயவேர் ஆட்டம் முடிஞ்சுது.

மன்னாரில இருக்கிற ஒரு சிநேகிதி ஒரு பை நிறைய வேர் அனுப்பினவள். ஓலையில அவிச்சுப் பாத்தன். அங்கயொண்டு இஞ்சயொண்டு சிவலை படிஞ்சுது, மாட்டுக்குத் தேமல் வந்த மாதிரி. பருத்தித் துணியில கொஞ்சம் நல்லா வந்தது. பெரியம்மா அந்த ஓலையைப் பாத்திட்டு ஒண்டும் சொல்லேல்லை. அவ ஒண்டும் சொல்லாட்டில் அது திட்டிறதை விட மோசம்.

2025 ஜூலை 1

சாயவேர் பற்றி இன்னொண்டு. வேரைத் தோண்டினால் செடி போச்சு. ஒரு பை வேருக்கு எத்தினை செடி எண்டு சிநேகிதியிட்டக் கேட்டன். "எண்ணேல்லை, ஒரு பின்னேரம் முழுக்கத் தோண்டினம்" எண்டாள். ஒல்லாந்தர் காலத்தில இது கட்டாய ஊழியம். தோண்டுறதுக்கெண்டே ஒதுக்கின ஆக்கள், வேரை அளந்து ஒப்படைக்க வேணும். இயற்கைச் சாயம் எண்ட சொல்லுக்குள்ள அவையும் இருக்கினம்.

இப்போதைக்கு முடிவு: சாயமில்லாத வெள்ளோலைப் பை. விளிம்புக்கு மட்டும் மாதுளை மண்ணிறம். சாயத் தண்ணியை ஊத்த, கிணத்துக்குத் தூரத்தில மணலும் கரியும் போட்ட கிடங்கு ஒண்டு வெட்டியிருக்கிறம்.

2025 ஜூலை 2

பனையைப் பற்றிக் கதைக்கிறம் எண்டதால ஒரு பழைய பகிடி. பொருளாதாரத் தடைக் காலத்தில சவுக்காரம் இல்லை. பனங்களியிலதான் உடுப்புத் தோய்க்கிறது. அழுக்குப் போகும், வாசம் போகாது. கொடியில போட்ட என்ர பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை மாடு வந்து சப்பி, கையில்லாமல் தந்தது. மண்ணிலயிருந்து வந்து மாட்டின்ர வயித்துக்கே திரும்பிப் போன உடுப்பு. இதை விட அறமான நாகரிகம் உலகத்தில ஆரிட்ட இருக்கு?

2025 ஜூலை 20

எழுதுவமோ விடுவமோ எண்டு இரண்டு கிழமை யோசிச்சன்.

கனடாவில தொங்கின அந்த மட்டையைப் பற்றி வாசகர் எழுதினவர். என்ர பையிலயும் ஒரு மட்டை தொங்கினது. 2019இல நானே எழுதி அச்சடிச்சது: 'போரால் பாதிக்கப்பட்ட பெண்களின் கைவண்ணம்.' நல்லா வித்தது, பொய் சொல்லேல்லை. வெளிநாட்டிலயிருந்து வந்த ஆக்கள் அந்த மட்டையை வாசிச்சிட்டு விலை கேக்காமலே வாங்குவினம். ஒராள் பையைத் திருப்பிக் குடுத்திட்டு, காசையும் குடுத்திட்டுப் போனவர். பை வேண்டாமாம்.

பேத்தி அப்ப இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிற வயசு, கண்டதெல்லாம் வாசிப்பாள். மட்டையையும் வாசிச்சாள். பெரியம்மா கேட்டா: "அப்ப நல்லா இழைச்சிருக்கு எண்டு ஒருத்தரும் வாங்கேல்லையோ?"

நான் ஏதோ சொல்லிச் சமாளிச்சன். அவ திருப்பிக் கேக்கேல்லை. ஆனா அந்தக் கிழமை குடுத்த பைகளைப் பாத்தன். விளிம்பு ஒழுங்கில்லை, ரெண்டில வார் கோணல். நாற்பது வருசமா அவவின்ர கையில கோணல் வந்து நான் காணேல்லை. பாவத்துக்கு வாங்கிறவைக்கு இது காணும் எண்டு நினைச்சாவோ, மனம் விட்டுப் போச்சோ, நான் கேக்கேல்லை.

மட்டையை மாத்தினன். இப்ப இருக்கிறது: ஓலை எந்த ஊர், இழைக்க எத்தினை மணித்தியாலம், எப்பிடிப் பராமரிக்கிறது. பேர் போடுறதோ எண்டு கேட்டன். மூண்டு பேர் வேண்டாம் எண்டினம், ஒராள் மகளின்ர பேரைப் போடச் சொன்னா, பெரியம்மா தன்ர பேரைப் பெரிய எழுத்தில போடச் சொன்னா.

விற்பனை குறைஞ்சது உண்மை. ஒரு வருசத்துக்கு மேல எடுத்தது பழையபடி வர.

2025 ஓகஸ்ட் 3

கடைசியா 45 டொலருக்கு வாறன்.

ரொறன்ரோவில இப்பிடி ஸ்ரோல் போடுற சொந்தக்காரப் பிள்ளையோட மனம் விட்டுக் கதைச்சன். அவள் இஞ்சயிருந்து 1,200 ரூபாய்ப்படி வாங்கினவள், அது ஆறு டொலருக்குக் கொஞ்சம் குறைய. ஓலைப் பை பாரமில்லை, ஆனா மடக்கேலாது. பெட்டிக்குள்ள காத்தைத்தான் அனுப்புறம், காத்துக்கும் விமானத்தில இடவாடகை. பைக்குப் பன்னிரண்டு டொலர் போச்சுதாம். ஸ்ரோல் வாடகை, பழுதான பை, விக்காமல் திரும்பின பை எல்லாத்தையும் பிரிச்சால் இன்னும் பதினைஞ்சு. மிச்சம் ஒரு பன்னிரண்டு. ரெண்டு நாள் நிண்டு முப்பது பை வித்தவள். கொள்ளை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை.

நடுவில இருக்கிறது களவு எண்டு நினைச்சுத் தொடங்கின கேள்வி இது. எனக்கு இப்ப உறுத்துறது நடு இல்லை, அடி. 45 டொலருக்கு வித்தாலும் 20க்கு வித்தாலும் இழைக்கிறவவுக்குப் போற தொகை அசையாமல் நிக்குது. 'வழமையான விலை' எண்டு ஆரோ எப்பவோ வைச்சது. ஓலை விலை ஏறும், சிப் விலை ஏறும், கூலி மட்டும் அப்பிடியே.

கூடச் சேர்ந்து நாங்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறம். மணித்தியாலத்துக்கு 130 எண்டு வைச்சுக் கீழயிருந்து கணக்குப் போடுறது. பதினொரு மணித்தியாலம் 1,430, சாமான் 300, எனக்கு 270. பை 2,000 ரூபாய். கிளிநொச்சியில இது விக்காது எண்டு ஐந்தில நாலு பேர் சொல்லிச்சினம். எனக்கும் பயம்தான்.

2025 ஓகஸ்ட் 31

விக்கேல்லை. இந்த மாசம் ஏழு பை.

2025 செப்ரெம்பர் 14

'நேரா காசை அனுப்பி விடலாமே' எண்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் எழுதேல்லை எண்டு வாசகர் ஞாபகப்படுத்தியிருக்கிறார்.

அனுப்புங்கோ. தேவையான வீடு கன இருக்கு, நுண்கடன் கட்டேலாமல் ஒளிச்சுத் திரியிற பெண்கள் இருக்கினம். அதை ஆரும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனா அது உதவி, பை வாங்கிறது வியாபாரம். ரெண்டையும் ஒரு பைக்குள்ள போட்டால் ரெண்டும் நசியும்.

வியாபாரத்தில எங்களுக்குத் தேவை முற்பணம். உலக நியாய வர்த்தக அமைப்பு வைச்சிருக்கிற பத்துக் கொள்கையில மூண்டாவதில இருக்கு: கைவினை செய்யிறவை கேட்டால் வாங்கிறவர் பாதிக் காசையாவது வட்டியில்லாமல் முன்னுக்குக் குடுக்க வேணும். இதை வாசிச்சபோது ஆரோ எங்கட வீட்டுத் திண்ணையில இருந்து எழுதின மாதிரி இருந்தது. ஓலைக்கும் மரம் ஏறுறவருக்கும் முதல் நாளே காசு. பை வித்துக் காசு வர இரண்டு மாசம். அந்த இரண்டு மாசத்தை ஆர் தாங்கிறது? இவ்வளவு காலமும் பெரியம்மா தாங்கினவ, நகையை அடைவு வைச்சு.

மற்றது அவசரம் வேண்டாம். 2023இல கொழும்பில ஒரு நிறுவனம் மூண்டு கிழமையில 300 பை கேட்டது, பெரிய ஓடர். நான் துள்ளிக் குதிச்சு ஓம் எண்டிட்டன். ஐந்து பேர் காணாது எண்டு இன்னும் இருபது பேரைச் சேர்த்து, கிடைச்ச மரமெல்லாம் குருத்து வெட்டுவிச்சன். ஒரு மரத்தில அடுத்தடுத்து வாற குருத்தையெல்லாம் வெட்டினால் மரம் வதங்கும், அது எனக்குத் தெரியும், தெரிஞ்சும் வெட்டுவிச்சன். பை குடுத்தம். 60 பையைத் 'தரமில்லை' எண்டு திருப்பினவை, காசு நாலு மாசம் கழிச்சு வந்தது. திருப்பின 60இல 22 உண்மையிலேயே தரமில்லை, அதையும் சொல்ல வேணும். ஒரு பை கிழிஞ்சே இருந்தது.

அந்த ஓடருக்குக் குருத்து வெட்டி வதங்கி நிக்கிற மூண்டு வடலிகளைப் பெரியம்மா இப்பவும் காட்டுவா. "உன்ர கொம்பனி மரங்கள்."

2025 செப்ரெம்பர் 30

இந்த மாசம் 19 பை. கூடினதுக்குக் காரணம் எங்கட கணக்கை எழுதி ஒட்டினது எண்டு நினைக்கிறன். 1,430 + 300 + 270 எண்டு மட்டையிலேயே போட்டம். ஒரு பள்ளிக்கூட ரீச்சர் அதை வாசிச்சிட்டுக் கூட்டிப் பாத்தா. சரிதான் எண்டு சொல்லிப்போட்டு ரெண்டு வாங்கினா.

2025 ஒக்ரோபர் 26

மழை தொடங்கீற்றுது. வெளிநாட்டில வாங்கின ஒருவர், பையில வெள்ளையாப் பூஞ்சணம் பிடிக்குது, ஏமாத்திப் போட்டியளோ எண்டு எழுதியிருக்கிறார். ஐயா, அது ஓலை. பிளாஸ்ரிக் பைக்குள்ள போட்டு அலமாரிக்குள்ள பூட்டினால் பூஞ்சணம் பிடிக்கத்தான் செய்யும். காய்ஞ்ச துணியால துடைச்சு, கொஞ்ச நேரம் வெயிலில வையுங்கோ. நாள் முழுக்க வையாதேங்கோ, முறியும். கனடாவில வெயில் இல்லாட்டில் காத்தோட்டமான இடத்தில தொங்க விடுங்கோ. தண்ணியில அமிழ்த்தித் தோய்க்க வேண்டாம். பனங்களியும் வேண்டாம்.

2025 நவம்பர் 2

கேள்வி கேட்ட ரொறன்ரோ வாசகர் நேரா எழுதியிருக்கிறார். தன்ர மகளின்ர கலியாணத்துக்கு வாறவைக்குக் குடுக்க 80 சின்னப் பை வேணுமாம், பாதிக் காசு இப்பவே அனுப்புறாராம், அடுத்த ஆவணி வரைக்கும் நேரம் இருக்காம். மட்டையில கணக்குப் போட வேண்டாம், கலியாண வீட்டில நல்லாயிராது எண்டு கேட்டிருக்கிறார். சரி.

பெரியம்மாவிட்டச் சொன்னன். மரத்துக்கு ஒரு குருத்துப்படி எடுத்தால் ஆடிக்குள்ள முடியும் எண்டா. வெத்திலையும் பாக்கும் வைக்கிற அளவோ, சேலை வைக்கிற அளவோ எண்டு கேக்கிறா. அவர் அனுப்பின படத்தில சென்ரிமீற்றர் போட்டிருக்கு. அதைக் காட்டினன், பெரியம்மா கைபேசியை ஒருக்காப் பாத்திட்டுத் திருப்பித் தந்திட்டா. ஐயா, நீளம் எத்தினை சாண், அடி அகலம் எத்தினை விரல் எண்டு சொல்லிவிடுங்கோ. உங்கட கையால அளக்க வேண்டாம், வீட்டில ஆரும் அம்மம்மாமார் இருந்தால் அவையின்ர கையால அளந்து சொல்லுங்கோ.